முள் இறங்கும் மேடு

என்ஜின் சூட்டைக் காட்டுகிற முள் பாதியைத் தாண்டி ஒரு நெல் அளவு மேலே நின்றது. ஒரு நெல் அளவுதான், அதற்கு மேல் இல்லை, என்று சம்பூர்ணம் தனக்குள் சொல்லிக்கொண்டாள், ஆனால் மூன்றாவது வளைவில் அது பாதிக்கும் கீழே கிடந்ததைப் பார்த்தவளும் அவள்தான், நான்காவதில் பாதிக்கு வந்தது, ஐந்தாவதில் மறுபடி சரிந்தது, இப்போது ஆறாவதில் இந்த ஒரு நெல், இப்படி ஏறி இறங்கி ஏறி இறங்கி எதைத் தேடுகிறது இது, சாவியை வைத்த இடம் மறந்துபோய் அறைக்கும் அடுப்படிக்கும் நடக்கிற ஆள் மாதிரி. பண்ணாரி சோதனைச் சாவடியில் தடுப்பைத் தூக்கிவிட்டபோது மணி எட்டேகால். அங்கிருந்து திம்பம் உச்சி வரைக்கும் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. பின்னால் ஒன்பது டன் கோழித் தீவனம், நாமக்கல்லில் ஏற்றியது, சாம்ராஜ்நகர்ப் பக்கம் ஒரு பண்ணைக்குப் போக வேண்டியது. ஓட்டுவது அவள், சேலைக்கு மேல் ஒரு பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு. இடது பக்கம் கிளீனர் சீட்டில், வலது காலைச் சாக்கு மடிப்பின் மேல் நீட்டிக்கொண்டு, அவள் புருஷன் செங்கோட்டுவேல். இருபத்தாறு வருஷம் இதே ஸ்டியரிங்கைப் பிடித்த கை இப்போது ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தது. கண்ணை மூடியிருந்தார். பார்க்கிறவர்களுக்குத் தூங்குகிற மாதிரி இருக்கும். அவர் என்ஜினைக் கேட்டுக்கொண்டு வந்தார்.

"முள் எங்க நிக்குது?"

"பாதியிலதானுங்க மாமா."

"பாதியிலயா, பாதிக்கு மேலயா?"

"பாதியில."

ஒரு நெல் அளவு பொய். அரிசி களைகிறபோது கையோடு போகிற நொய் அளவுகூட இல்லை, அதைப் போய்ப் பொய் என்று யாராவது சொல்வார்களா, என்று நினைத்துக்கொண்டே ஏழாவது வளைவுக்கு வலதுபக்கம் நன்றாக ஒதுக்கி, முதல் கியருக்கு இறக்கி, ஸ்டியரிங்கை மார்போடு சேர்த்து இழுத்துத் திருப்பினாள், வண்டியின் மூக்கு மலையை விட்டு வானத்துக்குத் திரும்பி மறுபடி மலைக்கு வந்தது. அவரால் பார்க்க முடியாது, அதுதான் வசதி, அதுதான் கஷ்டமும். சர்க்கரை அவர் கண்ணுக்குப் பின்னால் போய் ரத்தத்தைக் கசியவிட்டிருந்தது. எதிரே வருவது லாரி என்று தெரியும், என்ன நிறம் என்று தெரியாது. மீட்டர் பலகை அவருக்கு ஒரு வெள்ளைத் தட்டு. வலது காலில் கட்டை விரலும் அதற்கு அடுத்ததும் இல்லை, ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதிக்கிறோம் என்று கால் சொல்லாது. அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், நாற்பத்தைந்து வயதில், கனரக வண்டி லைசென்சுக்குப் போய் நின்றாள். அங்கே வரிசையில் நின்ற ஆம்பளைகள் எல்லாம் அவளை யாரோ ஒருத்தருக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள் என்று நினைத்து வழிவிட்டார்கள். கரூர், திண்டுக்கல், கோயமுத்தூர் என்று சமதரையில் ஓட்டியாகிவிட்டது. மலை இதுதான் முதல் தடவை. "திம்பம் ஏத்திக் காமி," என்று முந்தாநாள் சொல்லிவிட்டார். "ஏத்திட்டீன்னா வண்டி உன்னுது, எந்த லோடு வேணாலும் புடி, நான் வாயத் தொறக்க மாட்டேன். நடுவுல படுக்க வெச்சீன்னா அடுத்த வாரம் வித்துப்போடறேன். அப்பறம் அதப் பத்தி ஒரு பேச்சு வரக்கூடாது." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டு சொன்னதை எல்லாம் செய்திருக்கிறார்.

வண்டி போனால் என்ன, சோறு இல்லாமல் போய்விடாது, மில்லில் ராத்திரி ஷிப்டுக்கு ஆள் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள், ஆனால் அது இல்லை, அதை அவள் யாரிடமும் சொன்னதும் இல்லை, சொன்னால் சிரிப்பார்கள். இருபத்து நாலு வருஷம் அவள் வீட்டில் உட்கார்ந்து பயந்திருக்கிறாள். அவர் நாக்பூரில் இருக்கிறார், அவர் விஜயவாடா தாண்டிவிட்டார், அவர் போன் எடுக்கவில்லை, போனில் சார்ஜ் இல்லையா, ஆள் இல்லையா. அந்தப் பயத்துக்கு முகம் கிடையாது, கை கால் கிடையாது, துவரம் பருப்பில் இருக்கும், துணி காயப்போடுகிற கொடியில் இருக்கும், எதைத் தொட்டாலும் அதில் இருக்கும். ஸ்டியரிங்கைப் பிடித்த பிறகும் பயம் போகவில்லை, ஆனால் அது ஓரிடத்தில் வந்து உட்கார்ந்தது. டயர் என்றால் டயர். பிரேக் என்றால் பிரேக். பார்த்துப் பயப்படலாம், இறங்கித் தட்டிப் பார்க்கலாம். இதோ இப்போது இந்த முள். கண்ணுக்கு எதிரே ஒரு பயம், வெள்ளைக் கோடு, சிவப்புக் கோடு, நடுவே ஒரு சின்னக் குச்சி. இதைப் பிடுங்கிக்கொண்டுபோய் அவளை மறுபடி அந்தப் பருப்பு டப்பாவிடம் விட்டுவிடுவார்கள்.

எட்டு. ஒன்பது. முள் பாதிக்கு இறங்கியது. பாருடி, இறங்கிவிட்டது, நீதான் கண்டதையும் நினைத்து. அவர்தான் சொல்லிக்கொடுத்திருந்தார், அவளுக்கு ஓட்டக் கற்றுத்தந்த முதல் வாரம், டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு: என்ஜினுக்குள்ள தண்ணி சுத்துது. சூடு ஏறுச்சுன்னா ஒரு கதவு தொறக்கும், தண்ணி முன்னால ரேடியேட்டருக்குப் போயி காத்து வாங்கிட்டு வரும். ஆறுச்சுன்னா அந்தக் கதவு சாத்திக்கும். தொறக்கறதும் சாத்தறதும்தான் முள்ளுல தெரியறது. மேடு ஏறுனா ஏறும், ஃபேன் புடிச்சா இறங்கும். ஆடற முள்ளு நல்ல முள்ளு, பயப்படாத. ஆடுகிற முள் நல்ல முள், அவள் அதைப் பிடித்துக்கொண்டாள், சாமி பேர் சொல்கிற மாதிரி வளைவுக்கு வளைவு சொன்னாள், ஆடுகிற முள் நல்ல முள், ஆனால் எவ்வளவு ஆடினால் நல்லது என்று அன்றைக்குக் கேட்காமல் விட்டுவிட்டாள், டீயை ஆற்றிக் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டாள், இப்போது கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார், ஏன் கேட்கிறாய் என்றால் அவள் மஞ்சள் தூளைச் சொல்ல வேண்டியிருக்கும்.

மஞ்சள் தூள். அதை நினைக்கக் கூடாது என்றுதான் பண்ணாரியில் சூடம் கொளுத்தும்போது முடிவு செய்திருந்தாள். நேற்றுக் காலை வண்டிக்கு அடியில் உள்ளங்கை அளவு ஈரம். ரேடியேட்டரின் கீழ்த் தையலில் இருந்து சொட்டு, அடுத்த சொட்டுக்கு நாலு மூச்சு. அவரிடம் சொல்லியிருந்தால் பட்டறை, பட்டறை என்றால் நாலு நாள், லோடு வேறு வண்டிக்குப் போகும், திம்பம் தள்ளிப்போகும், தள்ளிப்போனது அப்படியே நின்றுபோகும், அவருக்கு இப்போது எல்லாமே அப்படித்தான், கண்ணுக்கு ஊசி போடுவது உட்பட. ரேடியேட்டர் ஒழுகினால் லாரிக்காரர்கள் ஒரு பிடி மஞ்சள் தூள் போடுவார்கள், தூள் போய் ஓட்டையில் அடைத்துக்கொள்ளும், அடுத்த ஊர் வரைக்கும் தாங்கும். அவர் போட்டதை அவளே பார்த்திருக்கிறாள். ஒரு பிடி. அவள் கால் கிலோ பாக்கெட்டை அப்படியே கவிழ்த்தாள். ஏன் கவிழ்த்தாள் என்று இப்போது கேட்டால் தெரியவில்லை. கை போனது. சளிக்குப் பாலில் போட்டது, வெட்டுக்காயத்துக்கு அப்பியது, வாசப்படிக்குப் பூசியது, முப்பது வருஷமாக எதற்கும் மஞ்சள் அதிகமாகிக் கெட்டுப்போனது என்று ஒன்று இல்லை, குழம்பில்கூடக் கொஞ்சம் கசக்கும், அவ்வளவுதான். சொட்டு நின்றது. சந்தோஷத்தில் அன்றைக்கு அவருக்கு ராகிக் களியோடு கீரை வைத்தாள். ஓட்டையை அடைக்கிற தூள் ஓட்டையை மட்டும் பார்த்து அடைக்குமா, ரேடியேட்டருக்குள் தண்ணீர் போகிற அத்தனை சின்னக் குழாயும் அதற்கு ஓட்டைதானே, என்று பத்தாவது வளைவில்தான் அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் காதுக்குப் பின்னால் வேர்த்தது.

மேலேயிருந்து ஒரு கரும்பு லாரி இறங்கி வந்தது. வளைவுக்கு முன்னாலேயே ஓரமாக நின்றது, ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விட வேண்டும், மலையில் அது மரியாதை. டிரைவர் அவளைப் பார்த்தான், பிறகு பக்கத்து சீட்டைப் பார்த்தான், பிறகு மறுபடி அவளைப் பார்த்து, "பாத்து அக்கா, மேல மூணாவது வளைவுல குரங்கு ரோட்டுலயே குந்தியிருக்குது," என்று கத்தினான்.

"என்னங்கறான்?" என்றார் செங்கோட்டுவேல்.

"குரங்காமா."

"அதான் உள்ளயே ஒண்ணு உக்காந்திருக்குதே. வெளிய வேற எதுக்கு."

"ஆரச் சொல்றீங்க?"

"என்னயத்தான் புள்ள. ஓட்டறவங்களச் சொல்லுவனா, கீழ தள்ளி உட்ருவாங்க."

அவள் சிரித்தாள், சிரிக்கும்போது கண் மீட்டரில் இருந்தது, முள் இப்போது பாதிக்கு மேல் ஒரு விரல் நகம். பன்னிரண்டு. பதிமூன்று. என்ஜின் மூடி வழியாக வந்த சூடு அவள் இடது தொடையில் சேலையைத் தாண்டி ஏறியது, இது எப்போதும் வருகிற சூடுதான், இல்லை, இது அதைவிட அதிகம், இல்லை, வெயில் ஏறுகிறது அல்லவா, அதுவும் சேர்ந்திருக்கும். ஃபேன் பிடிக்கிற சத்தம் கேட்டது, புளியமரத்தில் பெருங்காற்று புகுந்த மாதிரி ஓர் இரைச்சல், முள் மெல்ல இறங்கியது, அவள் மூச்சும் அதோடு இறங்கியது, இரைச்சல் விட்டதும் முள் எழுந்தது, முன்பு நின்ற இடத்தில் நிற்காமல் இன்னும் ஒரு நூல் தள்ளிப்போய் நின்றது. ஒவ்வொரு தடவையும் இறங்குவது கொஞ்சம் குறைந்தது, ஏறுவது கொஞ்சம் கூடியது. மாமியார் வீட்டுக்கு வந்த புதிதில் தறிக்கூடத்தில் பார்த்த ஒருத்தி, அழுவாள், தேற்றினால் அடங்குவாள், அடுத்த தடவை கொஞ்சம் கூட அழுவாள், ஒரு நாள் அடங்கவே இல்லை, அவள் பேர் என்ன, பேர் வரவில்லை, பேர் எதற்கு இப்போது, வளைவைப் பார்.

"முள்ளு?"

"பாதி."

"ஃபேன் அடிக்கடி புடிக்குதே."

"மேடுங்களே மாமா."

"மேடுதான்." அவர் மூக்கை உறிஞ்சினார். "என்னமோ மணக்குது."

"தீவன மூட்டையா இருக்கும்."

மூன்று பொய், நாலு பொய், இதில் தீவனப் பொய்யைச் சேர்க்கலாமா வேண்டாமா. வளைவை எண்ணுகிற மாதிரி பொய்யையும் எண்ணிக்கொண்டு வந்தாள், ஒரு கட்டத்தில் எது எந்த எண் என்று குழம்பியது, இது பதினாறா பதினேழா. முள் சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரல் கீழே. நிறுத்தலாம். நிறுத்தினால் என்ன ஆகும், ஓரம் கட்டி, பத்து நிமிஷம் ஆறவிட்டு, ஏறலாம். நிறுத்தினால் ஏன் என்பார். நிறுத்தினால் படுக்க வைத்த கணக்கில் வருமா, படுக்க வைப்பது என்றால் வண்டி தானாக நிற்பதா அல்லது நாம் நிறுத்துவதுமா, அதை அவர் பிரித்துச் சொல்லவில்லை. நிறுத்தாவிட்டால் சூட்டில் என்ஜினின் மேல்மூடி, ஹெட்டு, வளையும், அதற்கு அடியில் கேஸ்கட் போகும், எண்ணெயும் தண்ணியும் கலந்து என்ஜின் மோர் மாதிரி ஆகிவிடும் என்று அவரே சொல்லியிருக்கிறார், ஓர் என்ஜின் அப்படிப் போனதைப் பார்த்து அழுத டிரைவரைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் சிரிப்பு இருக்காது. இன்னும் ஒரு வளைவு பார்க்கலாம். ஒரே ஒரு வளைவு. அவள் வாழ்க்கையில் எல்லாவற்றுக்கும் இப்படித்தான் ஒரு வளைவு தவணை கேட்டிருக்கிறாள்.

அவருடைய வலது காலையும் அப்படித்தான் விட்டார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆடியில், அவர் செருப்புக்கு அடியில் ஒரு ஆணி ஏறி உள்ளே வரைக்கும் வந்திருக்கிறது, அதோடு இரண்டு நாள் நடந்திருக்கிறார். அவள் கூட்டும்போது தரையில் சின்னச் சின்னதாகச் சிவப்புப் பொட்டு, கதவிலிருந்து கட்டில் வரைக்கும் வரிசையாக. என்னுங்க இது, என்றாள். காலைத் தூக்கிப் பார்த்து அவரே ஆச்சரியப்பட்டார். "வலிக்கவே இல்ல புள்ள. ஒண்ணுமில்ல, உடு." வலிக்கவில்லை என்றதும் அவளுக்கு எவ்வளவு நிம்மதி. அந்த நிம்மதியில் ஒரு வாரம் போனது. வலிக்கிற காலாக இருந்தால் அன்றைக்கே ஆட்டோ பிடித்திருப்பாள். ஈரோட்டு ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் அம்மா, சின்ன வயசு, கட்டைப் பிரித்துக்கொண்டே சொன்னது, "வலிக்காததுதாம்மா இங்க பிரச்சினை," அவள் தலையை ஆட்டினாள், ஆட்டத் தெரிந்தது, புரிந்துகொள்ளத் தெரியவில்லை, வலிக்காதது எப்படிப் பிரச்சினை ஆகும், வலிதானே பிரச்சினை, இந்தப் படித்தவர்கள் எதையும் தலைகீழாகத்தான் சொல்வார்கள் என்று மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்தாள்.

இருபதாவது வளைவைத் திரும்பி நேரானபோது முள் இறங்கியது. முன்பு மாதிரி தயங்கித் தயங்கி இல்லை. சிவப்பைத் தொடப் போனது அப்படியே சரிந்து, பாதியைத் தாண்டி, பாதிக்கும் கீழே, அடிக்கோட்டுக்கே வந்து படுத்துக்கொண்டது. ஃபேன் இரையவில்லை, ஒன்றும் இல்லை, தானாக. மாரியாத்தா, என்றாள் வாய்க்குள். தோள் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் இருந்திருக்கின்றன, அவை கீழே இறங்கியபோதுதான் தெரிந்தது. காலைப் பனி விலகிய இடத்தில் மலை தெரிந்தது, தூரத்தில் பவானிசாகர் தண்ணீர் தகரம் மாதிரி மின்னியது, இதையெல்லாம் பார்க்கலாம் போலிருந்தது. எல்லாப் பொய்யும் சரியாகிவிட்டது, பாதி என்று சொன்னதைவிட நல்லதாகவே ஆகிவிட்டது, கடன் வாங்கியதைக் கேட்கும் முன்னால் வட்டியோடு கொடுத்த மாதிரி. அவர் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள், இந்தக் காலையில் முதல் தடவையாக உள்ளதை உள்ளபடி, மனசு நிறைந்து:

"மாமா, முள்ளு நல்லா இறங்கிருச்சுங்க. அடியிலயே வந்து நிக்குது."

அவர் கண்ணைத் திறந்தார்.

"எப்ப?"

"இப்பத்தான். வளைவு திரும்புனதும்."

"அதுக்கு முன்னால எங்க இருந்துச்சு?"

அவள் மறுபடி மீட்டரைப் பார்த்தாள்.

"சம்பூர்ணம். அதுக்கு முன்னால எங்க இருந்துச்சு."

"மேலதானுங்க இருந்துச்சு."

"நிறுத்து."

"மேட்டுலீங்க மாமா, இன்னும் ஏழு வளைவுதான்."

"நிறுத்து புள்ள, ஆஃப் பண்ணு, உள்ள தண்ணியே இல்ல."

ஓரத்துக்குக் கொண்டுவந்து, பிரேக்கை மிதித்து, கியரைப் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சாவியைத் திருகி, கதவைத் திறந்து குதித்து, பின்சக்கரத்துக்கு இரண்டு கட்டையையும் அணை கொடுக்கிற வரைக்கும் அவளுக்கு எதுவும் புரியவில்லை, கை எல்லாவற்றையும் செய்தது. சத்தம் நின்ற பிறகுதான் உள்ளே கொதிக்கிற ஒலி கேட்டது, மூடி வைத்த உலைப்பானை மாதிரி மொத்து மொத்தென்று. முன்பக்கக் கம்பி வலை வழியாக ஆவி வந்தது. மஞ்சள் அவிக்கிற வாசனை. அறுவடைக் காலத்தில் ஊர்ப் பக்கம் பெரிய கொப்பரையில் மஞ்சள் கிழங்கை வேகவைக்கும்போது காட்டைத் தாண்டி வருமே, அதே வாசனை, நடு மலையில், மூங்கில் புதருக்குப் பக்கத்தில். செங்கோட்டுவேல் கதவைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் இறங்கி நின்றிருந்தார். முகத்தைத் தூக்கி மோந்தார்.

"என்ன புள்ள இது. ரேடியேட்டருக்குள்ள ரசமா வெச்சிருக்கற?"

சொன்னாள். ஈரம், சொட்டு, பட்டறை, பாக்கெட். எல்லாவற்றையும் சொன்னாள், நடு நடுவே ஆவியைப் பார்த்துக்கொண்டு. அவர் பாக்கெட் எவ்வளவு என்று மட்டும் கேட்டார். கால் கிலோ என்றதும் வாயைத் திறந்து மூடினார். பிறகு மைல்கல் மேல் உட்கார்ந்து காலைத் தடவிக்கொண்டிருந்தார். ரேடியேட்டர் மூடியைத் தொடக்கூடாது, ஆற அரைமணி ஆகும், இப்போது திறந்தால் முகத்தில் அடிக்கும், அது அவளுக்குத் தெரியும். அந்த அரைமணி நேரத்தில் அவள் வண்டியைச் சுற்றி எட்டுத் தடவை நடந்தாள். ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்து இடித்தது, தண்ணீர் இல்லை என்றால் சூடு அதிகம்தானே ஆக வேண்டும், முள் ஏன் இறங்கியது. ஒன்பதாவது சுற்றில் நின்றுவிட்டாள். முள் எதைத் தொட்டுப் பார்த்துச் சொல்லும், தண்ணீரைத்தானே, தண்ணீர் கொதித்து ஆவியாகிக் கீழே போய்விட்டால் அதற்குத் தொட என்ன இருக்கிறது, வெறும் இடத்தில் தொங்கிக்கொண்டு அது என்ன சொல்லும், ஒண்ணுமில்ல, உடு, என்றுதான் சொல்லும். அந்தச் சின்ன வயசு டாக்டர் அம்மாவின் முகம் வந்தது, கட்டைப் பிரிக்கிற கை வந்தது. அவள் மைல்கல் பக்கம் பார்த்தாள். அவர் காலைத் தடவிக்கொண்டிருந்த கை, இல்லாத விரல்களுக்கு மேல் காற்றைத் தடவிக்கொண்டிருந்தது.

"மஞ்சளுக்கு நான் கோவப்படல," என்றார் அவர், அவளைப் பார்க்காமல். "நானுந்தான் போட்டிருக்கறேன். ஒரு தடவ புகையிலையப் போட்டு, கரைஞ்சு, வண்டி பூரா போதையில வந்துச்சு. அதுக்கில்ல. எனக்குக் கண்ணு தெரியாது. உன் கண்ண வெச்சுத்தான் நான் இந்த மலை ஏறிட்டு வந்தேன். நாலு தடவ கேட்டேன். நாலு தடவயும் நீ என்னயக் குருடாக்குன."

அவள் சொல்ல இருந்ததெல்லாம், வண்டியை விற்றுவிடுவீர்கள் என்று, வீட்டில் உட்கார முடியாது என்று, எல்லாம் சின்னதாகத் தெரிந்தது. சாக்கை மடித்து மூடியை அழுத்திக் கொஞ்சம் திருகி, ஆவியை விட்டு, முழுக்கத் திறந்தாள். அடியில் திருகாணியைத் தளர்த்தியதும் களிம்பு மாதிரி மஞ்சள் தண்ணீர் கொழகொழவென்று இறங்கி ரோட்டோரம் ஓடியது. "பண்ணாரி அம்மனுக்கு ஊத்த வேண்டிய மஞ்சத்தண்ணிய இங்க ஊத்தற," என்றார், ஆனால் குரலில் வழக்கமான சிரிப்பு இல்லை. எண்ணெய்க் குச்சியை உருவிக் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் பார்க்கவில்லை, இரண்டு விரலில் தொட்டுத் தேய்த்தார், மோந்தார், மறுபடி தேய்த்தார். 

"தண்ணி கலக்கல. எண்ணெய்தான். தப்பிச்சுக்கிச்சு."

வண்டியில் இருந்த இரண்டு தண்ணீர்க் கேனில் ஒன்றில் பாதியை ஊற்றி அலசிவிட்டு, திருகாணியை இறுக்கி, மீதியை ஊற்றும்போது பின்னால் ஒரு காலி காய்கறி லாரி வந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்தான், முப்பது முப்பத்தைந்து வயசு, தோளில் துண்டு. மஞ்சள் ஓடையைப் பார்த்தான், அவளைத் தாண்டி நேராக மைல்கல்லுக்குப் போனான்.

"என்னுங்கண்ணா, சூடாயிருச்சா? தனியாவா வந்தீங்க, டிரைவர் எங்க?"

"இருக்குது."

"கால்ல அடியாட்ட இருக்குதே. இந்த ஏழு வளைவுதான் மோசம். என் வண்டி இங்கயே நிக்கட்டும், நான் வேணா இத மேல ஏத்திக் குடுத்துட்டு எதுலயாச்சும் இறங்கி வந்துக்கறேன். அக்காவ வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க."

ஊற்றிய தண்ணீர் விளிம்புக்கு வந்து நின்றது, ஒரு குமிழ் மேலே வந்து உடைந்தது, தண்ணீர் ஒரு விரல் இறங்கியது. அவள் கேனைச் சாய்த்தபடி நின்றாள். இவர் சரி என்று சொல்லப்போகிறார். இந்த ஆள் ஏறி உட்காருவான், அவள் நடுவில் என்ஜின் மூடி மேல் உட்கார்ந்துகொள்ள வேண்டும், மேலே போய் இறங்கி நன்றி சொல்ல வேண்டும், அடுத்த வாரம் யாராவது வந்து டயரை உதைத்துப் பார்ப்பார்கள். செங்கோட்டுவேல் துண்டால் முகத்தைத் துடைத்தார். ரொம்ப மெதுவாகத் துடைத்தார்.

"என்னய எதுக்குத் தம்பி கேக்கறீங்க," என்றார். கோபம் அப்படியே இருந்தது, குரல் இளகவே இல்லை. "டிரைவர் தண்ணி ஊத்திட்டு நிக்குது. பொய் சொல்ற டிரைவருதான், ஆனா டிரைவரு அதுதான். அதக் கேளுங்க."

அவன் திரும்பினான். இப்போதுதான் அவள் காக்கிச் சட்டையைப் பார்த்தான். அவளுக்கு உடம்பெல்லாம், கால் நகம் வரைக்கும், சரி தம்பி நீங்களே ஓட்டுங்க என்று சொல்லிவிடத் துடித்தது, எதற்காக இவ்வளவு பொய்யும் சொன்னாளோ அது கைக்கு வந்து விழுந்த நேரத்தில் அதைத் தூக்கி யார் கையிலாவது வைத்துவிட்டு மரத்தடியில் உட்கார வேண்டும் போலிருந்தது, ஏழு வளைவு, ஒழுகுகிற தையல், இனிமேல் ஒளிக்க இடமும் இல்லை. கேனின் கைப்பிடி வழுக்கியது. அவன் அதைப் பார்த்தான், பார்க்கட்டும்.

"பயமாத்தானுங்க இருக்குது," என்றாள். "அடியில இன்னும் ஒழுகும். ரெண்டு வளைவுக்கு ஒருக்கா நிறுத்தி ஊத்திக்கிட்டுத்தான் ஏத்தோணும். எங்ககிட்ட இன்னும் ஒரு கேன்தான் இருக்குது, உங்க தண்ணியக் குடுங்க. பின்னால கொஞ்சம் எடம் விட்டு வாங்க. நான் ஓட்டறேன்."

அவன் அவரைப் பார்த்தான். அவர் வண்டியில் ஏறுவதற்குக் கம்பியைத் தேடிக்கொண்டிருந்தார். அவன் தண்ணீர் எடுக்கப் போனான்.

என்ஜின் பிடித்தது. அவன் கட்டைகளை எடுத்து வண்டிக்குள் வீசிவிட்டுக் கை காட்டினான், கிளட்சை விட்டாள், ஒன்பது டன் ஒரு சாண் பின்னால் சரிந்து, தயங்கி, முன்னால் நகர்ந்தது. செங்கோட்டுவேல் கண்ணை மூடிக்கொண்டார்.  ஒரு வளைவு தூரம் வரைக்கும் அவர் ஒன்றும் கேட்கவே இல்லை, கேட்காமல் இருப்பது கேட்பதைவிட மோசமாக இருந்தது, கேபினுக்குள் அந்த இடம் மட்டும் பல் விழுந்த மாதிரி.

"முள்ளு ஏறுதுங்க," என்றாள்.

"ம்."

"கால்வாசிக்கு வந்திருச்சு. இப்ப கால்வாசிக்கு மேல. நிக்கல, ஏறிட்டே இருக்குது."

"ஏறட்டும். ஏறுனாத்தான் உள்ள தண்ணி இருக்குதுன்னு அர்த்தம்." கொஞ்சம் கழித்து, அதே கோபமான குரலில்: "சொல்லிக்கிட்டே வா."

பாதிக்கு ஒரு நூல் கீழ, என்றாள். பாதி, என்றாள். பாதிக்கு மேல, அவ்வளவு இல்ல, கொஞ்சூண்டு, இருங்க, ஃபேன் புடிச்சிருச்சு, இறங்குது, மெதுவாத்தான் இறங்குது, என்றாள்.  அடுத்த வளைவு எதிரே வந்தது, அவள் வலதுபக்கம் ஒதுக்கினாள், கியரை இறக்கினாள், திருப்பிக்கொண்டே சொன்னாள்.